ஐஸ் அக்காவும் இஸ்திரிக் கடைப் பெண்ணும்

எங்கள் சுகாதார அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஐஸ் அக்கா. கட்டடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. அதில் நான்கு பெரிய குளிர்பெட்டிகள். சுற்றுவட்டாரத்தில் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் போகிற தடுப்பூசிக் குப்பிகள் அங்கேதான் இருந்தன. அவற்றை இரண்டு டிகிரிக்குக் குறையாமலும் எட்டு டிகிரிக்கு மேலே போகாமலும் வைத்திருப்பது அக்காவின் வேலை. நான் பக்கத்து அறையில் தட்டச்சு செய்பவள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதனால் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டிகளின் உறுமலையும் அக்காவின் உறுமலையும் சேர்த்தே கேட்டு வந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை, நான்கு பெட்டிகளிலும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து எழுதுவார். நர்ஸுகள் ஊசி போடக் கிளம்பும் நாட்களில் அவர்களுடைய சின்னப் பெட்டிக்குள் ஐஸ் கட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். உறைவிப்பானிலிருந்து எடுத்த கையோடு வைக்கக் கூடாது. சில மருந்துகள் சூட்டில் கெடும், சில மருந்துகள் உறைந்தால் கெடும். அதனால் ஐஸ் நிரப்பிய தட்டைப் புட்டிகளை மேஜையில் பரப்பி, அவை வேர்க்கும்வரை காத்திருப்பார். பிறகு ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே லேசாகத் தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும்.

"அக்கா, பஸ் போயிடும்க்கா" என்று நர்ஸுகள் வாசலில் நின்று கால் மாற்றுவார்கள்.

"போனா அடுத்த பஸ் வரும். இது உறைஞ்சு கெட்டுப்போனா உன் கண்ணுக்கே தெரியாது. வெறும் தண்ணியக் குத்திட்டு வந்து நிப்ப."

ஒரு தடவை பெரிய டாக்டர் தன்னுடைய சோடா பாட்டிலை ஒரு குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். அக்கா அதை எடுத்து, நல்ல வெயிலில், அவருடைய கார் மூக்கின் மேலேயே நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். டாக்டர் மாலையில் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு எதையும் உள்ளே வைக்கவில்லை.

வீட்டில் கதை வேறு. பள்ளி வேன் ஓட்டுகிற அவருடைய கணவர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுதா நின்னுதான்னுகூட இவளுக்குத் தெரியாதும்மா. ஒரு வாரமா வெந்நீர்தான் குடிக்கிறோம்."

அக்கா இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், "காலியா இருந்துச்சு, கெடச்சுது" என்பார். ஆனால் ஒரு நாள், ஐஸ் வேர்ப்பதற்காகக் காத்திருந்த நேரத்தில், தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா தபால்காரர். முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. அப்பாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தார்களாம். குத்தினால் கை அழுகிவிடும், பிள்ளை தங்காது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தாத்தா, பிள்ளைகள் இருவரையும் தானியக் குதிருக்குள் இறக்கி மூடி வைத்து, வீட்டில் பிள்ளையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் அம்மை வந்தது. அப்பா பிழைத்தார். தம்பி போய்விட்டான்.

"தாத்தாவ அப்பா ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. 'பாசத்துலதான் ஒளிச்சு வச்சாரு'ன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு" என்றார் அக்கா. சொல்லி முடித்ததும் ஒரு புட்டியை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினார்.

அந்த அப்பா இறந்த வருஷத்தில்தான் இது நடந்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு இஸ்திரிக் கடை. அதில் வேலை செய்த பெண்ணுக்கு முதல் குழந்தை, ஆண். அவள் கணவன் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிப்பவன். குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனதும் அந்தத் தெருவில் இருந்த துணைச் சுகாதார நிலையத்தில் முதல் தவணை ஊசி போட்டார்கள். மறுநாள் விடிந்தபோது குழந்தை எழுந்திருக்கவில்லை.

பத்து மணிக்குள் எங்கள் அலுவலக வாசலில் கூட்டம். நான் மேல்மாடிக்கு ஓடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெயிண்டர் கூட்டத்தின் முன்னால் நின்றான். கத்தவில்லை. கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல, சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். கத்தியவர்கள் மற்றவர்கள். ஒரு கல் வந்து அறிவிப்புப் பலகைக் கண்ணாடியை உடைத்தது.

ஊசி போட்ட நர்ஸ் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து, "நல்லாத்தானே சிரிச்சுது, என்னப் பாத்து நல்லாத்தானே சிரிச்சுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா மட்டும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முந்தின நாள் அந்த நர்ஸுக்குக் கொடுத்த குப்பிகள் எந்தத் தயாரிப்புத் தொகுதி, எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து பெரிய டாக்டர் மேஜையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் எழுதினார். பிறகு என் பக்கத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என் கையில ஏதாவது ஆச்சான்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஆனா மனசு கேக்கல" என்றார். அவருடைய விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். அன்றைக்கு என் கையைப் பிடித்தபோது கொதித்தது.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. விசாரணை முடியும்வரை அக்காவையும் நர்ஸையும் விடுப்பில் போகச் சொன்னார்கள். குழு பேசியதை எல்லாம் தட்டச்சு செய்தவள் நான் என்பதால் நடந்தது எனக்குத் தெரியும். பதிவேட்டை நான்கு வருஷத்துக்குப் புரட்டினார்கள். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன், ஒரு மாலை நேரத்துக் கட்டம்.

"இது ஏம்மா எழுதாம விட்டிருக்கு?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"அன்னைக்கு நான் பாக்கலைங்க."

"மறுநாள் வந்து எழுதியிருக்கலாமே. எல்லா எடத்துலயும் அப்படித்தானே செய்யறாங்க."

"பாக்காதத எப்படிங்க எழுதறது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதையும் அப்படியே அடிச்சிடுங்க" என்றார்.

ஆனால் எப்படியோ அந்தக் காலிக் கட்டத்தின் படம் வெளியே போய்விட்டது. இரண்டே நாளில் எல்லோருடைய கைபேசியிலும் அதுதான். 'பதிவேட்டில் ஓட்டை, பச்சைப் பிள்ளை பலி' என்று தலைப்பு வேறு. அந்தக் குப்பிகள் கிடங்குக்கு வந்ததே அந்தக் காலிக் கட்டத்துக்கு மூன்று வாரம் கழித்துத்தான் என்று யாரும் எழுதவில்லை. டீக்கடையில் சண்டை, பஸ்ஸில் சண்டை. ஊசியே வேண்டாம் என்று ஒரு கட்சி. கேள்வி கேட்பவன் எல்லாம் முட்டாள் என்று இன்னொரு கட்சி. எங்கள் பெரிய டாக்டர் இரண்டாவது கட்சி. விசாரணைக்காக மறுபடி வந்த அக்காவிடம், "படிக்காத ஜனங்க, இவங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது" என்றார்.

"பிள்ளையப் பறிகொடுத்தவங்க கேக்காம வேற யாரு சார் கேப்பாங்க?" என்றார் அக்கா. "பதில் சொல்றதுக்குத்தானே நாம இருக்கோம்."

விடுப்பில் நாற்பத்தொரு நாள் இருந்தார். அவர் இடத்தில் தற்காலிகமாக வந்தவருக்குத் தினமும் ஒன்பது மணிக்கும் நாலு மணிக்கும் போன் வரும். "நாலாம் பெட்டி எவ்வளவு காட்டுது? கதவ அழுத்திச் சாத்துனீங்களா? அதோட ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பாத்துக்கங்க." வேன் ஓட்டும் கணவர் பொறுக்க முடியாமல் ஒரு நாள் சொன்னாராம்: "தெனம் ரெண்டு வேளை ஃபிரிட்ஜ நலம் விசாரிக்கிறியே, எங்க அக்காவ வருஷத்துக்கு ஒரு தடவ விசாரிச்சிருக்கியா?" அந்த நாற்பத்தொரு நாளில் அக்கா சிரித்தது அது ஒரு தடவைதான் என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

அறிக்கை வந்தது. குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறை. குறை வெளியே தெரியாமல் இருந்து, அந்த ராத்திரி இதயம் நின்றுவிட்டது. அதே தொகுதி மருந்து போட்ட முப்பத்தெட்டுக் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தன. குப்பிகளில் குறை இல்லை. அக்காவும் நர்ஸும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அறிக்கையை நம்பியவர்கள் நம்பினார்கள். நம்பாதவர்கள், "அவங்க ஆளுங்க அவங்களுக்குத்தானே எழுதுவாங்க" என்றார்கள். அந்தத் தெருவில் ஊசி நாளன்று நர்ஸ் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஐஸ் கரைந்த பெட்டியோடு திரும்பி வருவார். ஏழெட்டு மாதத்தில் அங்கே கக்குவான் இருமல் வந்தது. மூன்று கைக்குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றும் பிழைத்தன. ஒரு குழந்தை இருமி இருமி நீலம் பாரித்ததை நர்ஸ் வந்து சொன்னபோது, அக்கா பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார்.

"நான் அந்தப் பொண்ணப் போய்ப் பாக்கணும்" என்றார்.

"எதுக்குக்கா? வேணாம். வம்பு" என்றேன்.

"ஊசி போடச் சொல்றதுக்குப் போகலடி. இத்தன மாசமா அவகிட்ட யாராவது போயி ஒரு வார்த்த பேசினாங்களா? அறிக்கைய மட்டும் தபால்ல அனுப்பி வச்சோம்."

சும்மா போய் நிற்கக் கூச்சம். கணவருடைய சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் இஸ்திரிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒற்றை அறைக் கடை. ஒரு பக்கம் மடித்த துணி அடுக்கு, இன்னொரு பக்கம் கசங்கல் மூட்டை, நடுவில் கம்பளி விரித்த மேஜை. அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சட்டையை வாங்கி உதறி விரித்து, தண்ணீர் தெளித்து, காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். சட்டையின் ஒரு கையை அவள் தேய்த்து முடிக்கும்வரை அக்கா நின்றார்.

"நான் அந்த மருந்து வைக்கிற எடத்துல இருக்கிறவம்மா. ஐஸ் பெட்டிக்காரி."

அவள் தலை நிமிரவில்லை. பெட்டியைத் தூக்கி ஓரத்தில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "அந்த ஒரு கட்டம் ஏன் காலியா இருந்துச்சு?" என்றாள். ஏழெட்டு மாதமாக அந்த ஒரு கேள்வியை வாயில் வைத்திருந்தவள்போல உடனே கேட்டாள்.

"அன்னைக்குச் சாயந்தரம் எங்க அப்பா செத்துட்டாரும்மா. மூணு மணிக்குப் போன் வந்துச்சு, ஓடிட்டேன். மறுநாள் வந்து பாத்தப்ப பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. ஆனா சாயந்தரம் நான் பாக்கல. அதான் எழுதல. உம் பையனுக்குப் போட்ட மருந்து அதுக்கப்புறம்தான் எங்ககிட்ட வந்துச்சு."

வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது.

"ஊசியாலதான்னு எல்லாரும் சொன்னப்ப எனக்குக் கோபப்படறதுக்கு ஒரு ஆள் இருந்துச்சுக்கா" என்றாள். "உங்கள நான் பாத்ததே இல்ல. ஆனா தெனம் திட்டுவேன். அப்புறம் அந்தக் காயிதம் வந்துச்சு. நெஞ்சுல பிறவிக் கோளாறாம். பிறவின்னா என்ன? என் வயித்துல இருந்தப்பவே வந்தது. அப்ப நான்தானே?"

அக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனார். "நீ இல்லம்மா. யாரும் இல்ல. ஆனா நான் சொன்னா உனக்கு இப்ப ஏறாது, எனக்குத் தெரியும். ஒண்ணு செய். யாரையாவது திட்டித்தான் ஆகணும்னு இருந்தா என்னையே திட்டிக்கோ. உன்னத் திட்டிக்காத. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஐஸ்லயே கெடக்கிறவ."

அந்தப் பெண் அழுதாள். இவ்வளவு பெரிய அழுகையை அந்தச் சின்னக் கடைக்குள் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "தாங்கிக்கம்மா, தாங்கிக்கோ" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கடை வாசலில் போய் நின்றுகொண்டு, துணி கொடுக்க வந்த ஒருவரை, "அரை மணி கழிச்சு வாங்க" என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அக்கா ஒரு சட்டையோடு கிளம்பிவிடுவார். சில வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். சில வாரம் உண்மையாகவே திட்டுவாள். "ஒங்களுக்கென்ன, குளுகுளுன்னு உக்காந்திருக்கீங்க" என்பாள். அக்கா கேட்டுக்கொண்டு வருவார். சில வாரம் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். வேன்காரர்தான் லாபம் அடைந்தார். "வேன்ல ஏறுற பசங்க என்னப் பாத்து ஹெட்மாஸ்டர்னு நெனச்சு வணக்கம் வைக்கிறாங்க" என்றார்.

ஊசியைப் பற்றி அக்கா ஒரு சனிக்கிழமையும் பேச்செடுக்கவில்லை. பெரிய டாக்டர்கூடக் கேட்டார்: "இத்தன தடவ போறீங்களே, ஊசிக்குச் சம்மதிக்க வச்சாச்சா?" அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சட்டை தேய்க்கப் போறேன் சார்" என்றார்.

ஒன்றேமுக்கால் வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு மறுபடி குழந்தை பிறந்தது. பெண். பிறந்த வாரத்திலேயே இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை மடித்து எப்போதும் தன்னோடு வைத்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகப் போகிற சமயத்தில், ஒரு காலை, எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். குழந்தை துணிப் பொட்டலமாக மார்பில் இருந்தது.

"அக்கா, அந்தப் பெட்டிய நான் பாக்கணும்."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. அக்கா நேராகப் பெரிய டாக்டரிடம் போனார். அவர் அறைக் கதவு திறந்திருந்ததால் எனக்குப் பேச்சுக் கேட்டது. "ஒருத்திக்குக் காட்டினா ஊரே வந்து நிக்கும்மா" என்றார் டாக்டர். "வரட்டும் சார். சந்தோஷமாக் காட்டுவேன்" என்றார் அக்கா. டாக்டர் முணுமுணுத்துவிட்டு, கடைசியில் தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். குழந்தையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "குளிரும், போர்த்திக்கம்மா" என்றார்.

அக்கா பெட்டியைத் திறந்து வெப்பமானியைக் காட்டினார். அந்தப் பெண் குனிந்து அதைத் தானே படித்தாள். "அஞ்சு." குப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உறைந்து கெட்ட மருந்து எப்படி இருக்கும் என்று கேட்டாள். பாடம் எடுப்பதற்காக அக்கா தனியாக எடுத்து வைத்திருந்த கெட்ட குப்பி ஒன்றையும் நல்ல குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைத்தார். இருவரும் மோவாயில் கை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கெட்டதில் வண்டல் அடியில் இறங்கியது. நல்லது கலங்கலாகவே நின்றது.

"போடலாம்னு இருக்கேன்" என்றாள் அவள். "ஆனா நீங்களே எடுத்துட்டு வரணும். வேற யார் கையிலயும் வேணாம்."

புதன்கிழமை அக்கா சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். நானும் கூடப் போனேன். ஒருவர் அதை மேலே வைக்கலாமே என்று கேட்டதற்கு, "கைக்குழந்தைய மேல வைப்பீங்களா?" என்று அக்கா கேட்க, அவர் எழுந்து தன் ஜன்னலோர இடத்தையே கொடுத்துவிட்டார்.

நிலையத்தில் அதே நர்ஸ்தான். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. மருந்தை உறிஞ்சி எடுத்தவர் குழந்தையின் தொடையருகே வந்ததும் நின்றுவிட்டார். ஊசியை விலக்கிக்கொண்டு, "வேற யாரையாச்சும் கூப்பிடட்டுமா?" என்றார். தாய் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்களே போடுங்கக்கா. அவன் உங்களப் பாத்துச் சிரிச்சானாமே. இவளும் பாக்கட்டும்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். குத்தினார். குழந்தை கூரை அதிர வீறிட்டது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். லட்சக்கணக்கான ஊசிக்கு மருந்து காத்த மனுஷி, சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா? முடிஞ்சுதாடி?"

"முடிஞ்சுதுக்கா. திரும்புங்க."

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பெயிண்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, வாசலில் நின்றான். காதோரம் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அக்கா அவர்கள் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவன் பெயிண்டர். தோளில் குழந்தை. "ராத்திரி பூரா மூக்குல கை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. இப்பத்தான் கண்ணசந்தா" என்று கிசுகிசுத்தான். உள்ளே அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது. அது வரும், போகும் என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தாலும் கையில் வாங்கிக்கொண்டார். குழந்தை அவருடைய சில்லென்ற விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. "சூட்டுக்கு எதமா இருக்கு போல" என்று பெயிண்டர் சிரித்தான். அவள் எழுந்திருக்கும்வரை அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதம் அந்தத் தெருவிலிருந்து நான்கு குழந்தைகள் ஊசிக்கு வந்தார்கள். அடுத்த மாதம் ஒன்பது. சிலர் கடைசிவரை வரவில்லை. அந்தக் காலிக் கட்டத்தின் படம் இன்னமும் எப்போதாவது யாருடைய கைபேசிக்காவது வரும்.

இரண்டாவது தவணைக்கும் அக்காதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவதற்கு அழைப்பு வரும் என்று புதன்கிழமை காலையிலேயே ஐஸை வேர்க்கப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மத்தியானம் நர்ஸ் காலிப் பெட்டியோடு திரும்பி வந்து சொன்னார்: இஸ்திரிக் கடைப் பெண் மற்றவர்களோடு வரிசையில் நின்று, பேச்சோடு பேச்சாகக் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாளாம்.

"என்னக் கேக்கலியா?" என்றார் அக்கா.

"இல்லியேக்கா."

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் பெட்டிகளின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் பலகை அதிரும்படியாக.